சிட்டி எந்த வகை நாயகன்? கேம்பெல் வட்டமும் நம் எல்லைச் சாமிகளும்

விஸ்காம் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்விக்கான பதில் இது. சென்னையில் வெள்ளம் வரும்போது ஆட்களைக் காப்பாற்றும் ஒரு ரோபோவைப் பற்றிக் குறும்படம் எழுதிக்கொண்டிருக்கிறார். வகுப்பில் ஜோசப் கேம்பெல் என்ற அமெரிக்கப் புராண ஆய்வாளரின் நாயகப் பயண வட்டத்தை போர்டில் வரைந்து, உலகத்து வீரக் கதைகள் எல்லாம் இதற்குள் அடக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெரிய சயின்ஸ் ஃபிக்ஷன் படங்கள் எல்லாமே இந்த வட்டம்தானா, நம் புராண வீரர்களும் அதே அச்சுதானா, எந்திரன் படத்துச் சிட்டியை அதில் எங்கே வைப்பது? இதுதான் அவருடைய சந்தேகம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த வட்டம் பொய்யில்லை. ஆனால் அது வீட்டைவிட்டுக் கிளம்பி, ஜெயித்து, திரும்பி வருகிற பையனின் கதை. சயின்ஸ் ஃபிக்ஷனில் நம் மனதில் தங்கிவிட்ட பாத்திரங்களில் பலர் அந்தப் பையன் இல்லை. கர்ணன், அசுவத்தாமன், மதுரை வீரன் ஆகியோருக்குத்தான் அவர்கள் நெருங்கிய சொந்தம். சிட்டியும் அந்தக் கூட்டம்தான்.

கேம்பெல் 1949-இல் எழுதிய புத்தகத்தில் புறப்பாடு, சோதனை, திரும்புதல் என்று மூன்று பகுதிகள், அவற்றுக்குள் 17 படிகள். ஜார்ஜ் லூகாஸ் அதைப் படித்தவர். 1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தை அந்த வட்டத்தின் மேல் வைத்தால் கச்சிதமாக உட்காரும். பாலைவனத்துப் பண்ணைப் பையன், கூப்பிட வரும் கிழவர், தயக்கம், அப்பாவின் வாள், எதிரியின் கோட்டை, குருவின் சாவு, வெற்றி. எண்பதுகளின் நடுவில், டிஸ்னியில் கதை ஆலோசகராக இருந்த கிறிஸ்டோபர் வோக்லர் இதைச் சில பக்கக் குறிப்பாகச் சுருக்கிச் சுற்றுக்கு விட்டார். அப்புறம் அதுவே விரிந்து புத்தகமும் ஆனது. பழைய கதைகளைப் புரிந்துகொள்ளச் செய்த ஒரு வாசிப்பு, புதிய கதை எழுதும் ஃபார்முலாவாக மாறியது இப்படித்தான். இன்றைக்கு சாலிகிராமத்திலோ வடபழனியிலோ ஒரு கதை டிஸ்கஷனில் உட்கார்ந்தால், இன்டர்வல் பிளாக்குக்குள் ஹீரோ எல்லையைத் தாண்டிவிட்டானா என்று கேட்க ஒருவராவது இருப்பார். வட்டத்தை வைத்து எழுதிய படங்களைப் பார்த்துவிட்டு, எல்லாப் படமும் வட்டம்தான் என்று சொன்னால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஸ்டார் வார்ஸ்கூட முழுக்க கேம்பெல் போட்ட கோலம் இல்லை. லூகாஸ் முதலில் ஃபிளாஷ் கார்டன் என்ற பழைய விண்வெளி சீரியலைப் படமாக்க உரிமை கேட்டுக் கிடைக்காமல் போனவர். இரண்டு எளிய ஆட்களின் கண் வழியாகப் பெரிய போரைக் காட்டும் உத்தியை அகிரா குரோசாவாவின் 1958 படம் ஒன்றிலிருந்து எடுத்தார். அந்த இரண்டு விவசாயிகள்தான் இங்கே இரண்டு ரோபோக்கள். எல்லாரும் கொண்டாடும் புராணத் தருணம், அதாவது வில்லன் டார்த் வேடர்தான் அந்தப் பண்ணைப் பையன் லூக்கின் அப்பா என்பது, முதல் படத்தில் கிடையவே கிடையாது. இரண்டாம் படத்துக்கு லீ பிராக்கெட் 1978-இல் எழுதிக் கொடுத்த முதல் வரைவில், லூக்கின் அப்பா தனியாக ஓர் ஆவியாக வருகிறார்; வேடர் வேறு ஆள். அடுத்தடுத்த வரைவுகளில்தான் இருவரும் ஒருவரானார்கள்.

அப்படி ஒருவரானபோது வந்த காட்சியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். போரின் நடுவில், எதிர்ப்பக்கத்து ஆள் வந்து நாயகனிடம் அவன் பிறப்பின் ரகசியத்தைச் சொல்கிறான். சொல்லிவிட்டு, என் பக்கம் வந்துவிடு, சேர்ந்து ஆளலாம் என்கிறான். உத்தியோக பருவத்தில் தூது முடிந்து திரும்பும் கண்ணன் கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு பேசுவது இதுதானே? நீ குந்தியின் மூத்த மகன், இந்தப் பக்கம் வா, முடி உனக்குத்தான். கர்ணனும் மறுக்கிறான், லூக்கும் மறுக்கிறான். ஆனால் லூக் மறுப்பது எதிரி கெட்டவன் என்பதால். கர்ணன் மறுப்பது செஞ்சோற்றுக் கடனால். தான் நிற்கும் பக்கம் தோற்கப்போகிறது என்று தெரிந்தே மறுக்கிறான். அவனுக்குத் திரும்ப வீடு இல்லை, வட்டம் முடிவதும் இல்லை. 1964-இல் வந்த கர்ணன் படத்தை 2012-இல் டிஜிட்டலாக்கி மறுபடி திரையிட்டபோது சென்னைத் தியேட்டர்கள் நிரம்பின. கர்ண மோட்சம் கூத்து இன்னும் விடிய விடிய நடக்கிறது. தோற்கிற ஆளைத்தான் நமக்கு அதிகம் பிடிக்கும்.

ஆற்றில் விடப்பட்ட குழந்தை என்ற அச்சை உளப்பகுப்பாய்வாளர் ஓட்டோ ராங்க் 1909-லேயே எழுதிவிட்டார். மோசே, சார்கோன் வரிசையில் அவர் கர்ணனையும் சேர்த்திருக்கிறார். சூப்பர்மேன் காமிக்ஸ் வந்தது 1938-இல். பெட்டி ராக்கெட் ஆனது, ஆறு விண்வெளி ஆனது, தேரோட்டி வீடு கான்சாஸ் பண்ணை வீடு ஆனது. இதற்கு மேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த அச்சு சுவாரஸ்யமானது. 1984-இல் வந்த முதல் டெர்மினேட்டர். 2029-இலிருந்து ஓர் இயந்திரம் வருகிறது, இன்னும் கருவிலேயே உருவாகாத ஒரு பிள்ளையின் தாயைக் கொல்ல. அதற்குத் தெரிந்தது சாரா கானர் என்ற பெயர் மட்டும். டெலிபோன் டைரக்டரியில் அந்தப் பெயரில் இருப்பவர்களை வரிசையாகச் சுடத் தொடங்குகிறது. எந்தக் குழந்தை என்று தெரியாமல் ஊரில் உள்ள பச்சைக் குழந்தைகளை எல்லாம் கொல்லச் சொன்ன கம்சனின் அதே வழி. அசரீரி இருந்த இடத்தில் எதிர்காலத்துத் தகவல் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தடுக்க எடுக்கும் முயற்சியே நடக்கவேண்டியதை நடத்தி வைப்பதும் அப்படியே. சாராவைக் காப்பாற்ற அனுப்பப்பட்ட கைல் ரீஸ்தான் அந்தப் பிள்ளைக்கு அப்பா ஆகிறான். இயந்திரம் வராமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை ஜான் கானரே இல்லை. இரண்டாம் படத்தில் தேவகி சிறையும் வந்துவிடுகிறது: சாராவை மனநல மருத்துவமனையில் அடைத்திருக்கிறார்கள், பையன் வந்துதான் மீட்க உதவுகிறான்.

ஆனால் 1991-இல் வந்த அந்த இரண்டாம் படத்தின் உண்மையான திருப்பம் வேறு. முதல் படத்தில் பிறக்காத பிள்ளையைக் கொல்ல வந்த அதே மாடல் இயந்திரம், அதே முகத்தோடு, இப்போது அந்தப் பிள்ளைக்குக் காவலாக வருகிறது. இதற்குக் கிருஷ்ணன் கதையில் ஆள் இல்லை, பாரதத்தின் கடைசியில் இருக்கிறான். அசுவத்தாமன். உத்தரையின் கருவில் இருந்த பரீட்சித்துவை நோக்கி அஸ்திரம் விட்டவன். நெற்றி மணியைப் பறிகொடுத்து, 3000 வருடம் ஆறாத புண்ணோடு தனியாக அலையச் சபிக்கப்பட்டவன். நாக் அஷ்வினின் கல்கி 2898 ஏடி 2024-இல் செய்தது என்ன? கருவை அழிக்கப் பார்த்த அந்த அசுவத்தாமனை, கல்கியைச் சுமக்கும் பெண்ணுக்குக் காவலாக நிறுத்தியது. படத்தில் குறைகள் உண்டு. பிரபாஸ் வரும் முதல் பாதி என் பொறுமையைச் சோதித்தது. ஆனால் அசுவத்தாமனாக வரும் அமிதாப் எழுந்து நிற்கிற காட்சியின் கனம் வெறும் கிராஃபிக்ஸால் வந்ததில்லை. செய்த பாவத்தை அதே இடத்தில் நின்று கழிக்கிற ஆள் அவர். டெர்மினேட்டர் இரண்டாம் படத்துக்கு நாம் அழுததும் அதற்குத்தான். (மகாபலிபுரத்துப் பல்லவர்கள் தங்கள் செப்பேடுகளில் துரோணர், அசுவத்தாமன் வழி வந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். ஆக, அசுவத்தாமன் நம் ஊருக்குப் புது ஆளும் இல்லை.)

இனி மூன்றாவது அச்சு. உங்கள் குறும்படத்துக்கு வேண்டியது இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நம் எல்லைச் சாமிகளில் பலர் ஒரு காலத்தில் மனிதர்களாக இருந்து கொலையுண்டவர்கள். மதுரை வீரன் கதைப்பாடலில், கொடி சுற்றிப் பிறந்த அரச குழந்தை காட்டில் விடப்படுகிறது, அருந்ததியர் வீட்டில் வளர்கிறது, வளர்ந்து அரசனுக்காகக் கள்ளர்களை அடக்குகிறது. அப்புறம் ஒரு பெண் காரணமாக அதே அரசனின் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறது. செத்தவன் சும்மா இருப்பதில்லை. ஊர் அவனுக்குச் சன்னதி வைக்கிறது, மீனாட்சி கோயில் வாசலிலேயே காவலுக்கு நிறுத்துகிறது. உழைப்பு, அநியாயம், துண்டாடப்படுதல், சீற்றம், சாந்தி, காவல். கேம்பெல் வட்டத்தில் இதற்கு இடமில்லை. இந்த வீரன் எங்கும் போய்த் திரும்புவதில்லை. அவனுடைய மொத்தப் பயணமும் சொந்த எஜமானோடுதான்.

இப்போது 1987-இல் வந்த ரோபோகாப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட்டில் மர்ஃபி என்ற போலீஸ்காரன். ரவுடிக் கும்பல் முதலில் அவன் கையைச் சுட்டுத் துண்டாக்குகிறது, பிறகு தோளிலிருந்து கையையே, கடைசியில் தலையில் ஒரு குண்டு. அதைவிடக் கொடுமையான காட்சி அதற்கப்புறம் வருகிறது. ஆய்வகத்தில் டெக்னீஷியன்கள், இடது கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷமாகச் சொல்கிறார்கள். கம்பெனி அதிகாரி, முழு உடம்பும் செயற்கையாக இருக்கவேண்டும் என்றுதானே பேச்சு, அந்தக் கையையும் எடுத்துவிடுங்கள் என்கிறான். காமெரா மர்ஃபியின் கண்ணாக இருக்கிறது. தன் கை போவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். முதல் கையை வாங்கியது கள்ளர், இரண்டாம் கையை வாங்கியது அரசன்.

இயக்குநர் பால் வெர்ஹோவன் இவனை அமெரிக்க ஏசு என்று சொல்லியிருக்கிறார், உலோக ஆலைச் சண்டையில் தண்ணீர் மேல் நடக்கவும் வைத்திருக்கிறார். அவர் பார்வை அவருக்கு. ஆனால் ஏசு எழுந்த பிறகு யாருக்கும் வேலை பார்க்கவில்லை. மர்ஃபி பார்க்கிறான். ஊரைக் காக்கிறான், திருடனைப் பிடிக்கிறான், ஆனால் கம்பெனியின் உயர் அதிகாரிகளைத் தொட முடியாதபடி நான்காவது கட்டளை ஒன்றை ரகசியமாக உள்ளே எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசிக் காட்சியில்கூட அந்தக் கட்டளையை அவனால் மீற முடியவில்லை. முதலாளி கிழவர் வில்லனை வேலையைவிட்டு நீக்குகிறேன் என்று சொன்ன பிறகுதான் துப்பாக்கி வேலை செய்கிறது. எல்லைச் சாமியைக் கருவறைக்குள் விடாமல் வாசலில் நிறுத்துவது மாதிரிதான். நம் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரனிடம் புது பைக்கை நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த உறவு விளக்காமலே புரியும். அவர் காவலுக்கு, நாம் வண்டிக்கு.

சிட்டியை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். 2010-இல் எந்திரன் வந்தபோது பலரும் பிராங்கன்ஸ்டைன் என்றார்கள், பஸ்மாசுரன் என்றார்கள். வரம் கொடுத்தவன் தலையிலேயே கை வைக்கப் பார்ப்பது வரைக்கும் பஸ்மாசுரன் சரி. ஆனால் பஸ்மாசுரனுக்காக யாரும் கண் கலங்குவதில்லை. சிட்டி என்ன செய்தது? சொன்ன வேலையை எல்லாம் செய்தது. தீயில் இருந்து ஆட்களைத் தூக்கிவந்தது. அதை உருவாக்கிய வசீகரனே அதற்கு உணர்ச்சியைக் கொடுத்தார். உணர்ச்சி வந்ததும் அவருடைய காதலி சனாவைக் காதலித்தது. ராணுவத்தின் முன்னால் மானம் போன கோபத்தில் வசீகரனே அதைக் கோடரியால் துண்டு துண்டாக வெட்டுகிறார். ஒரு பெண், எஜமானின் கோபம், வெட்டப்பட்ட கைகால். அதைக் கெட்டதாக்கும் சிவப்புச் சிப் அப்புறம்தான் வருகிறது. குப்பைமேட்டிலிருந்து எழுந்து வந்த சிட்டி ஊரை எரிக்கிறபோது, பாதித் தியேட்டர் அதன் பக்கம் இருந்ததற்குக் காரணம் ரஜினியின் சிரிப்பு மட்டும் இல்லை. அநியாயமாகச் செத்தவர் சீறுவதை நியாயமாகப் பார்க்க நமக்குக் கண்ணகி காலத்துப் பழக்கம் இருக்கிறது.

கண்ணகிக்கு அப்புறம் என்ன ஆனது? கல் எடுத்தார்கள். தொல்காப்பியம் புறத்திணையில் இதற்குப் படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிப் பார்ப்பது, கொண்டுவரச் சடங்கு தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையல், வாழ்த்து. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயர்களே ஏறக்குறைய இந்த வரிசைதான். கேம்பெலுக்கு 17 படி, நமக்கு ஆறு. அந்த ஆறிலும் வீரன் உயிரோடு இல்லை! வீரன் செத்த பிறகு ஊர் என்ன செய்கிறது என்பதுதான் இலக்கணம்.

எந்திரன் கடைசி ரீல் இதைத்தான் செய்கிறது. நீதிமன்றம் பிரிக்கச் சொல்கிறது, சிட்டி தன்னைத் தானே ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைக்கிறது. அப்புறம் 2030, ஒரு மியூசியம், கண்ணாடிக்குள் சிட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். எதற்காகப் பிரித்தார்கள் என்ற கேள்விக்கு, சிந்திக்க ஆரம்பித்ததால் என்று பதில் வருகிறது. நடுகல்லின் எழுத்தும் அதைத்தான் சொல்லும்: இன்னார், இந்தக் காரணத்துக்காகப் பட்டார். டெர்மினேட்டர் இரண்டாம் படத்தில் இயந்திரம் உருக்கிய இரும்புக்குள் இறங்குவதும் இதற்கு அண்ணன் தம்பி காட்சிதான், ஆனால் அங்கே அதனால் தன்னை அழித்துக்கொள்ள முடியாது, சாராதான் பொத்தானை அழுத்தவேண்டும். சிட்டி யாரையும் கேட்கவில்லை. 2018-இல் வந்த 2.0-வில் ஊருக்கு ஆபத்து என்றதும் கண்ணாடிக்குள் இருந்தவரை மறுபடி அழைக்கிறார்கள். எதிரே வருவதும் செல்போன் டவரில் தூக்கில் தொங்கிச் செத்த ஒரு மனிதரின் ஆவி. விஞ்ஞான வசனத்தை எல்லாம் எடுத்துவிட்டால், காவல் தெய்வத்தைப் பேய்க்கு எதிராக இறக்கிய கதை. படமாக அது எனக்குப் பிடிக்கவில்லை. அச்சு மட்டும் சுத்தமாக இருக்கிறது.

மனிதன் இல்லாத ஒன்றுக்குப் போய்க் கல்லா என்று வகுப்பில் யாராவது கேட்டால், செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லைச் சொல்லுங்கள். மகேந்திரவர்மன் காலத்தது. வீரனோடு கோவிவன் என்ற நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்குத் தனியாகவே எழுத்து உண்டு. சுஜாதாவின் இயந்திர நாய் ஜீனோ இந்தக் கல்லைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருக்கும்.

நாயகனையே சந்தேகப்படும் படங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1999-இல் மேட்ரிக்ஸ், நியோதான் அந்த ஒருவன் என்றது. 2003-இல் வந்த இரண்டாம் பாகம், அவன் ஆறாவது ஆள், தீர்க்கதரிசனமே அமைப்பு தன்னைப் பாதுகாக்க வைத்த ஏற்பாடு என்றது. டூன் இதை முன்பே செய்தது. ஃபிராங்க் ஹெர்பெர்ட்டின் 1965 நாவலில் மீட்பன் வருவான் என்ற நம்பிக்கையைப் பாலைவன மக்களிடம் முன்கூட்டியே விதைத்து வைத்திருப்பது பெனே ஜெஸ்ஸெரிட் என்ற பெண்கள் அமைப்பு. டேவிட் லிஞ்ச் 1984-இல் கடைசியில் மழையைப் பெய்யவைத்து, நாயகன் பால் என்பவனை நிஜக் கடவுளாக்கிவிட்டார். டெனி வில்னவ் 2024-இல் அவன் காதலி சானியை நம்பாதவளாக நிறுத்தி அதைச் சரிசெய்தார். ஹீரோ இன்ட்ரோ பாட்டில் கட்சிக் கொடியின் நிறத்தைத் தேடிப் பழகிய நமக்கு டூன் புரிய என்ன கஷ்டம்?

திரும்புதல் என்ற படியையும் விண்வெளி கெடுத்துவிடுகிறது. 2014-இல் வந்த இன்டர்ஸ்டெல்லாரில் அந்தத் தண்ணீர்க் கிரகத்தில் ஒரு மணி நேரம் பூமியில் ஏழு வருடம். இறங்கி ஏறுவதற்குள் 23 வருடம் போய்விடுகிறது. கடைசியில் கூப்பர் வந்து சேரும்போது மகள் சாகக் கிடக்கும் கிழவி. பாகவதத்தில் ககுத்மி ராஜா, மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்க பிரம்மலோகம் போய், பாட்டு முடியக் காத்திருந்துவிட்டுக் கேட்டால், நீ நினைத்து வைத்திருந்தவர்கள் எல்லாம் போய் யுகங்கள் ஆகிவிட்டன என்று பிரம்மா சிரிக்கிறார். கேம்பெல் வட்டம் வேலை செய்ய, வீடு அங்கேயே இருந்தாகவேண்டும்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். அனுப்பிய சினாப்ஸிஸில் ரோபோ வேளச்சேரியில் ஆட்களைத் தூக்கிப் படகில் ஏற்றுகிறது, தண்ணீர் வடிந்ததும் கம்பெனிக்குத் திரும்பி வருகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். அந்தத் திரும்பும் காட்சியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் அந்த ரோபோ யாருடைய சொத்து என்பதை முதல் மூன்று நிமிடத்துக்குள் காட்டுங்கள். வெள்ளத்தின் நடுவில், பேட்டரியும் மோட்டாரும் போய்விடும், திரும்பி வா என்று ரிமோட்டில் கட்டளை வரட்டும். அது வராமல் நிற்கட்டும். அப்புறம் கம்பெனி ஆட்கள் ஸ்பானரோடு வந்து பாகங்களைக் கழற்றிப் போகட்டும், விலை உயர்ந்தவற்றை மட்டும். மிச்சம் கிடக்கும் கூட்டை அந்தத் தெருக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் உங்கள் கடைசி இரண்டு நிமிடம். அதற்கு வசனம் வேண்டாம். முதலில் யார் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள் என்பதை மட்டும் முடிவு செய்துகொண்டு எழுதத் தொடங்குங்கள். என் ஓட்டு, ஆரம்பத்தில் அதைத் திட்டித் துரத்துகிற அந்த இஸ்திரி வண்டி அம்மாவுக்கு.